கூடியிருந்து கற்ற வேதாகமம்

யாழ்ப்பாணத்துக் கிராம வழக்கிலே கிறிஸ்தவர்களை 'வேதக்காரர்' எனச் சுட்டும் மரபு நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. ஒருவர் மதம் மாறியதை 'வேதத்துக்குப் போனார்' என்றே முதியோர் கூறுவர். நான்மறையைத் தமக்குரிய பிரமாணமாகக் கொண்ட சைவர், அதே சொல்லைப் பிறசமயத்தாருக்குத் தயக்கமின்றி வழங்கியமை முதலில் வியப்பாகத் தோன்றலாம். ஆயின் அவ்வழக்கில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. புதிய சமயத்தாரை அவர் வழிபட்ட கோயிலைக் கொண்டோ, அணிந்த சின்னத்தைக் கொண்டோ அடையாளங்காணாது, அவர் கையிலிருந்த நூலைக் கொண்டே அயலவர் அடையாளங்கண்டனர். அந்நூல் தனித்திருந்து படிக்கப்பட்ட நூலன்று. பள்ளியிலும், மிசன் வீட்டு விறாந்தையிலும், சபையிலும், மொழிபெயர்ப்பாளரின் மேசையிலும் பலர் கூடியிருந்து வாசித்து, வினாவி, வாதிட்டுக் கற்ற நூல் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற இக்கூட்டுவாசிப்பு யாருக்கு என்ன பயனை விளைவித்தது என்பது, சமய வரலாற்றுக்கு மட்டுமன்றித் தமிழ் உரைநடை வரலாற்றுக்கும் உரிய வினாவாகும்.

ஒரு நூலைச் சுற்றிப் பலர் கூடியிருத்தல் யாழ்ப்பாணத்தவர்க்குப் புதியதன்று. கோயில்களில் நடைபெறும் புராணபடனம் இதற்குச் சான்று. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தை ஒருவர் இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பதம் பிரித்துப் பயன் சொல்லுவார். எழுத்தறியாதோரும் ஆண்டுக்கு ஆண்டு அதனைக் கேட்டுக் கேட்டே கதையையும் அதன் சித்தாந்தப் பொருளையும் உணர்ந்தனர். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை 'கந்தபுராண கலாசாரம்' என்று பெயரிட்டது இத்தகைய வாழ்வுமுறையையே. இங்கு மூலமும் உரையும் பிரிக்கவொண்ணாதவை. பயன் சொல்லுபவர் இல்லையேல் பாட்டு வெறும் ஓசையாகவே நின்றுவிடும். மூலநூலைத் தனியே ஒருவர் கையிற் கொடுத்து 'நீரே படித்து உணர்ந்துகொள்ளும்' என்று கூறும் வழக்கம் அச்சமுதாயத்தில் இருக்கவில்லை.

போர்த்துக்கேயர் காலத்தில் ஞானோபதேசமே முதன்மை பெற்றது. வேதாகமத்தை மக்கள் கையிற் கொடுப்பது அவர்தம் நோக்கமாக இருக்கவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் நிலைமை ஓரளவு மாறியது. 1658 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த பிலிப்பு பால்தேயுசு பாதிரியார் தமிழைக் கற்றார். 1672 இல் வெளிவந்த அவரது பெருநூலில் தமிழ் எழுத்துக்கள் பற்றிய செய்திகளும் இடம்பெற்றன. கொழும்பிற் பிறந்த பிலிப்பு தெ மெல்லோ என்பார் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759 இல் ஒல்லாந்தரது கொழும்பு அச்சகத்தில் வெளிவந்தது. எனினும் ஒல்லாந்தரது கோயிற் பள்ளிகளிலே பிள்ளைகள் கற்றவை பெரும்பாலும் மனனஞ் செய்து ஒப்புவிக்கும் வினாவிடைகளே. உத்தியோகமும் சொத்துரிமையும் ஞானஸ்நானப் பதிவோடு பிணைக்கப்பட்டிருந்த காலம் அது. 1796 இல் ஆங்கிலேயர் வந்து அப்பிணைப்புத் தளர்ந்ததும், பெயரளவிற் கிறிஸ்தவராயிருந்தோர் பெருந்தொகையாகப் பழைய சமயத்துக்கே மீண்டனர். மனனத்தால் வந்தது மனனத்தோடே போயிற்று எனலாம்.

1816 இல் தெல்லிப்பழையில் தொடங்கிய அமெரிக்க மிசனும், அதற்குச் சற்று முன்னரே வந்த வெஸ்லியன் மிசனும் வேறொரு கொள்கையுடையன. ஒவ்வொருவரும் வேதாகமத்தைத் தம் தாய்மொழியில் தாமே வாசித்தல் வேண்டும் என்பது அவர் துணிபு. 1804 இல் இலண்டனில் நிறுவப்பட்ட பிரித்தானிய வெளிநாட்டு வேதாகமச் சங்கம், வேதாகமத்தை உரையோ குறிப்போ இன்றி மூலமாக மட்டுமே அச்சிடுதல் வேண்டும் என விதித்திருந்தது. பல்வேறு சபைகள் ஒன்றுகூடி நடாத்திய சங்கம் ஆதலால், எச்சபையின் உரையைச் சேர்த்தாலும் ஏனையவை பிணங்கும். அப்பிணக்கைத் தவிர்க்கவே இவ்விதி. இங்கிலாந்தின் சபைப் பூசலுக்கு மருந்தாக வகுத்த விதி, உரையோடன்றி மூலத்தை ஏற்றறியாத யாழ்ப்பாணத்தில் எதிர்பாராத விளைவைத் தந்தது. அச்சில் இல்லாத உரை வாய்மொழியாக வரவேண்டியதாயிற்று. ஆகவே வாசிப்புக் கூட்டங்கள் பெருகின. வாசிப்போர் ஒருவர், விளக்குவோர் ஒருவர், கேட்போர் பலர் என அமைந்த அக்கூட்டங்களின் வடிவம் புராணபடனத்தினின்றும் பெரிதும் வேறுபட்டதன்று. ஒரு வேறுபாடு மட்டும் பெரிது: இங்கே கேட்போன் கையிலும் நூல் இருந்தது.

இவ்வேறுபாடு முழுவீச்சில் வெளிப்பட்ட இடம் 1823 இல் வட்டுக்கோட்டையில் தொடங்கப்பட்ட செமினரியாகும். டானியல் பூவரும், பின்னர் ஹொய்சிங்டனும் தலைமை தாங்கிய அந்நிறுவனத்தில் மாணவர் ஆங்கிலமும் தமிழும் கணிதமும் வானசாத்திரமும் கற்றனர். வேதாகமமும் கிறிஸ்து சமய நிரூபணமும் அவற்றோடு கட்டாய பாடங்களாயிருந்தன. பிள்ளைகள் பலர் தம்மை ஆதரித்த அமெரிக்க உபகாரிகளின் பெயர்களைத் தாங்கியிருந்தனர். சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனதும் இவ்வாறே. அவரே பின்னாளில் 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிப் புலவர் வரலாற்றுக்கு வழிகாட்டினார். வானசாத்திரமும் வேதாகமமும் ஒரே வகுப்பில் ஒரே முறையிற் கற்பிக்கப்பட்டன என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். சான்று யாது, முன்னுக்குப்பின் முரண் உண்டோ என வினவும் பழக்கம் வானசாத்திரத்திலிருந்து வேதாகமத்துக்கும் பரவாதிருக்க இயலுமா? புராணங்களின் பூகோளத்தை மறுக்கவென மாணவர்க்குக் கொடுத்த அளவுகோல் அவர் கையிலேயே தங்கிவிட்டது. 1855 இல் அன்டர்சன் என்பாரின் தலைமையில் வந்த தூதுக்குழு, இக்கல்வி சுவிசேஷகரை விட அரசாங்க உத்தியோகத்தரையே மிகுதியாக உருவாக்குகின்றது எனக் கருதியது, செமினரி மூடப்பட்டது. மிசனின் கணக்கின்படி அது தோல்வியாக இருக்கலாம். தமிழ்க் கல்வியின் கணக்கு வேறு.

செமினரியிற் கற்பிக்கப்பட்ட வேதாகமம் எத்தமிழில் அமைந்தது என்பதே அடுத்த சிக்கல். தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714-1715 இல் அச்சேறியது. அதன்பின் பபிரிசியுசின் மொழிபெயர்ப்பு நெடுங்காலம் வழங்கியது. அவரது புதிய ஏற்பாடு 1772 இல் வெளிவந்தது. திருநெல்வேலியில் இரேனியுசு அதனைத் திருத்த முற்பட்டார். யாழ்ப்பாணத்து மிசனரிமாருக்கு இவை எவையும் நிறைவளிக்கவில்லை. முன்னையது மூலத்தோடு ஒட்டிநின்று தமிழ் வாக்கியப் போக்கைச் சிதைத்தது. பின்னையது எளிமையை நாடி நுட்பத்தை இழந்தது என்பன அவர்தம் குறைகள். கற்றோர் நிறைந்த யாழ்ப்பாணத்தில், இலக்கணப் பிழை மலிந்த நூலொன்றைத் தெய்வவாக்கென்று விரித்து வாசித்தால் நகையே மிஞ்சும் என்பதையும் அவர் அறிந்திருந்தனர். எனவே யாழ்ப்பாண வேதாகமச் சங்கம் புதிய மொழிபெயர்ப்பொன்றை மேற்கொண்டது. அதன் முதன்மைப் பொறுப்பு வெஸ்லியன் மிசனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியாரிடம் ஒப்படைக்கப்பட்டது.

பேர்சிவலைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் பொருந்தும். 1826 இல் யாழ்ப்பாணம் வந்த இவர், பின்னர் மத்திய கல்லூரி எனப் பெயர்பெற்ற பாடசாலையை வளர்த்தெடுத்தவர். தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1842 இல் யாழ்ப்பாணத்தில் வெளியிட்டார்; 1874 இல் வந்த விரிந்த பதிப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் உள. தெருவிலும் சந்தையிலும் வழங்கும் பேச்சைச் செவிகொடுத்துக் கேட்டவர் என்பதற்கு இத்தொகுப்பே சாட்சி. இத்தகையவர் தமக்குத் துணையாகத் தெரிந்தெடுத்தவர் தம் பாடசாலையிற் பயின்று அங்கேயே ஆசிரியராயமர்ந்த நல்லூர் ஆறுமுகபிள்ளை. 1849 இல் திருவாவடுதுறை ஆதீனத்தாரால் 'நாவலர்' எனப் பட்டஞ் சூட்டப்பெற்றவர். 1822 இற் பிறந்த அவர் இப்பணியில் ஈடுபட்ட காலத்தில் இருபதுகளின் நடுவில் நின்ற இளைஞர். நீறணிந்த சைவராகவே அவர் அம்மேசையில் அமர்ந்தார்.

'நாவலர் பைபிளை மொழிபெயர்த்தார்' என்று சைவ மேடைகளிற் கூறப்படுவதுண்டு. மறுபுறம், பாதிரிமார் எழுதிய வரலாறுகள் சிலவற்றிலே 'முன்ஷி' அல்லது பண்டிதர் என்ற பொதுப்பெயருக்குள் அவர் மறைந்துபோகின்றார். இரண்டும் ஒருபாற் கோடியவையே. எபிரேய, கிரேக்க மூலங்களின் பொருளைத் தெளிந்து கூற வேண்டியவர் பேர்சிவல். அப்பொருள் தமிழாக நிற்கின்றதா எனத் தீர்ப்பளிக்க வேண்டியவர் பண்டிதர். ஒருவர் இன்றி மற்றவரால் ஒரு வசனமும் நகர்ந்திராது. ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டு, மூலம் கூறுவது யாது, பபிரிசியுசு எவ்வாறு பெயர்த்தார், தமிழில் எழுவாய் எங்கே நிற்றல் வேண்டும், இச்சொல் எப்பொருளைத் தூண்டும் என ஒவ்வொன்றாக ஆராயும் இவ்வேலையை விட நெருக்கமான வேதாகமக் கல்வி வேறு யாதுளது? செமினரி மாணவன் பரீட்சைக்காக வாசித்தான். சபையார் ஆறுதலுக்காகக் கேட்டனர். சொல்லுக்குச் சொல் நிறுத்து வாசித்தவர் நம்பிக்கையற்ற அச்சைவ இளைஞரே. இதனை மிசனரிமார் அக்காலத்தில் முழுமையாக உணர்ந்திருந்தனரா என்பது ஐயத்துக்குரியது.

மொழிபெயர்ப்பு முற்றுப்பெற்றதும் இருவரும் சென்னைக்குச் சென்றனர் என்றும், அங்கே மழவை மகாலிங்கையர் அதனைப் பார்வையிட்டு, நடையைப் பாராட்டினார் என்றும் நாவலர் சரித்திரம் எழுதியோர் கூறுவர். தமிழறிஞரின் பாராட்டு எளிதிற் கிடைத்தது. சபைகளின் அங்கீகாரமோ கிடைக்கவில்லை. 1850 இல் நூல் வெளிவந்தபோது அது 'பரீட்சார்த்த மொழிபெயர்ப்பு' என்ற பெயரையே பெற்றது. தமிழ்நாட்டுச் சபைகள் பல அதனை ஏற்க மறுத்தன. நடை உயர்ந்தது, வடசொல் மிகுந்தது, பழகிய வாக்கியங்கள் காணாமற் போயின என்பன எழுந்த முறைப்பாடுகள்.

இம்மறுப்பை வெறும் பழைமைப் பற்று என்று ஒதுக்கிவிடுதல் முறையன்று. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் இரேனியுசின் திருத்தங்களை எதிர்த்து முன்னரே கடுமையாக எழுதியிருந்தார். தலைமுறை தலைமுறையாகச் சபையிற் கூடிக் கேட்ட வாக்கியம் செவியிற் படிந்து செபமாகிவிடுகின்றது. சாவீட்டிலும் கலியாணவீட்டிலும் கேட்ட சொற்களைக் குழுவொன்று கூடி 'இவை பிழை, இனி இவ்வாறு வாசியுங்கள்' என்றால் நெஞ்சு ஒப்புவதில்லை. இலக்கணம் தெரிந்தோன் கண்ட பிழையை, அவ்வாக்கியத்தோடு வாழ்ந்தோன் பிழையாகக் காண்பதில்லை. லூதரன் சபையார் இருபதாம் நூற்றாண்டிலும் பபிரிசியுசின் பாடத்தையே கைவிடாது போற்றி வந்தமை இதனை வலியுறுத்தும். கூட்டுவாசிப்பு ஒருபுறம் ஆராய்ச்சியை வளர்த்தது. மறுபுறம் ஆராய்ச்சிக்கு இடங்கொடாத பற்றையும் அதுவே வளர்த்தது.

இவ்விழுபறியின் கடுமையைக் கடவுட் பெயரொன்றே காட்டப் போதுமானது. சீகன்பால்கு 'சர்வேசுரன்' என்றார். பபிரிசியுசு 'பராபரன்' என்றார். 1850 ஆம் ஆண்டுப் பாடம் 'தேவன்' என்றது. சைவருக்குத் தேவர் முப்பத்துமுக்கோடி. அவருள் ஒருவர் பெயராக அச்சொல் ஒலிக்குமே என்ற அச்சம் ஒருபுறம். 'பராபரன்' சித்தாந்த நூல்களின் சாயலுடையதே என்ற தயக்கம் மறுபுறம். எச்சொல்லை எடுத்தாலும் அதன்மேற் பிறிதொரு சமயத்தின் தடம் படிந்திருந்தது. ஈற்றில் 'தேவன்' என்ற சொல்லே 1871 ஆம் ஆண்டு ஐக்கிய மொழிபெயர்ப்பிலும் நிலைபெற்றது. புறக்கணிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பாடம் இவ்வகையிற் பின்வாயிலால் உட்புகுந்தது எனலாம். 1995 இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'கடவுள்' என்பதை ஆண்டமையும் இங்கு நினைக்கத்தக்கது.

மேசையை விட்டெழுந்த நாவலரின் வழி யாவரும் அறிந்ததே. பேர்சிவலிடம் பணியாற்றிய காலத்திலேயே, 1847 டிசெம்பர் 31 ஆந் திகதி, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவரது முதற் பிரசங்கம் நிகழ்ந்தது. வெள்ளிக்கிழமைதோறும் தொடர்ந்த அப்பிரசங்கங்கள் புராணபடனத்தினின்றும் வேறுபட்டவை. பாட்டுக்குப் பயன் சொல்லாது, ஒரு பொருளை எடுத்துப் பிரமாணங்காட்டி நிறுவும் அம்முறை வெஸ்லியன் சபையின் பிரசங்க முறையை ஒத்தது. 1848 இல் அவர் மிசன் பணியை விட்டு நீங்கினார். அதே ஆண்டில் சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றியது. பாலபாடங்களும் சைவ வினாவிடைகளும் தொடர்ந்தன. வடிவங்கள் யாவும் எதிரியின் பட்டறையிற் பார்த்துப் பழகியவை.

ஆயினும் வடிவத்தைக் கடன் கொண்டதிலும் பார்க்கப் பொருளைக் கையாண்டதே பெரிது. 1854 இல் வெளிவந்த 'சைவதூஷண பரிகாரம்' பாதிரிமாரின் கண்டனங்களுக்கு விடையிறுத்த நூல். அதன் படைக்கலம் சைவாகமம் மட்டுமன்று, வேதாகமமுமாகும். கோயில், பீடம், பலி, தூபம், விளக்கு, நைவேத்தியம், ஸ்நானம், ஆசௌசம் ஆகியவற்றை அஞ்ஞானம் எனப் பழிக்கின்றீர். இவை யாவும் நும் பழைய ஏற்பாட்டில் நும் கடவுளாலேயே விதிக்கப்பட்டுள்ளனவன்றோ என்பது அதன் வாதத்தின் நடுநாடி. யாத்திராகமமும் லேவியராகமமும் இங்கே சைவத்துக்குச் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டன. மிசனரிமார் புதிய ஏற்பாட்டையே சந்தைகளிலும் சந்திகளிலும் முதன்மைப்படுத்தி வந்தனர். பழைய ஏற்பாட்டின் கிரியாவிதிகளை அத்துணை ஆழ்ந்து நோக்கிய யாழ்ப்பாண வாசகர் பலர் இருந்திரார்.

இதில் மொழிபெயர்ப்புக்கும் ஒரு பங்குண்டு. எபிரேயரின் ஆலயக் கிரியைகளைத் தமிழிற் கூற விரும்பியோர்க்குச் சிவாலயத்தை விட்டாற் சொல்லுக்கு வேறு புகலிடமில்லை. பலிபீடம், ஆசாரியன், குத்துவிளக்கு, தூபம் என ஐக்கிய மொழிபெயர்ப்பில் இன்றும் காணப்படும் சொற்கள் சைவச் செவிக்கு எவ்வகையிலும் அந்நியமானவையல்ல. லேவியராகமத்தைத் தமிழில் வாசிக்கக் கேட்கும் சைவன் மனத்தில் எருசலேமைவிடத் தன்னூர்க் கோயிலே எழுந்திருக்கும். நாவலர் சுட்டிய ஒப்புமை மூலத்தில் உள்ளதே. அதனைச் சாதாரண வாசகனும் காணுமாறு செய்தவை இத்தமிழ்ச் சொற்கள்.

இந்நூலுக்கு மறுப்பாகக் கறல் விசுவநாதபிள்ளை 1857 இல் 'சுப்பிரதீபம்' எழுதினார். அவர் வட்டுக்கோட்டைச் செமினரியில் உருவானவர். அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பட்டதாரிகள் இருவருள் ஒருவரானவர். கிறிஸ்தவத்தின் சார்பில் எழுதியவரும் தமிழர், சைவத்தின் சார்பில் எழுதியவரும் தமிழர். இருவரும் ஒரே வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாதிட்டனர். பாதிரியார் ஒருவரின் நடுநிலைமை அவ்வாதத்துக்குத் தேவைப்படவில்லை.

ஆடவரின் கண்டனப் போருக்கு அப்பால் வேறொரு வாசிப்பும் நடந்துகொண்டிருந்தது. 1824 இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலையிற் பயின்றோரும், பின்னர் வேதாகமப் பெண்கள் என மிசனால் நியமிக்கப்பட்டோரும் வீடு வீடாகச் சென்று பெண்களுக்கு வாசித்துக் காட்டினர்; எழுத்தும் கற்பித்தனர். வேலிக்குள்ளும் அடுப்படியிலும் நிகழ்ந்த இவ்வாசிப்பைப் பற்றி மிசன் அறிக்கைகள் எண்ணிக்கைகளைத் தருகின்றனவேயன்றி, கேட்ட பெண்கள் என்ன வினவினர், எதனை மறுத்தனர் என்பதைப் பெரிதும் கூறுவதில்லை. நாவலர்க்கும் விசுவநாதபிள்ளைக்கும் கிடைத்த அச்சுப்பொறி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இப்பகுதி தனியே ஆராயப்பட வேண்டியது.

சென்னையில் ஹென்றி பவர் தலைமையில் அமைந்த திருத்தக்குழு பல சபையினரையும் உள்ளடக்கியது. கால்டுவெல்லும் அதன் அங்கத்தவர். பபிரிசியுசின் பாடத்தை அடிப்படையாகக் கொண்டு யாழ்ப்பாணப் பாடத்தையும் ஒப்புநோக்கி அக்குழு செய்த வேலை 1871 இல் முழு வேதாகமமாக வெளிவந்தது. அப்பணி நடந்துகொண்டிருக்கையிலேயே, 1868 இல், பவர் தம் பண்டிதர் முத்தையாபிள்ளையின் துணையோடு சீவகசிந்தாமணியின் நாமகளிலம்பகத்தை உரையுடன் அச்சிட்டார். பாடங்களை ஒப்பிட்டுப் பார்த்துப் பழகிய கண் வேதாகமத்தோடு நின்றுவிடவில்லை.

அதே 1868 இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையுடன் வெளிவந்தது. பரிசோதித்தவர் ஒருகாலத்தில் பேர்சிவலின் மேசையில் அமர்ந்திருந்த ஆறுமுக நாவலர். பதிப்பித்தவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. வட்டுக்கோட்டைச் செமினரியில் வேதாகமம் கற்று, சென்னையில் பேர்சிவலின் 'தினவர்த்தமானி'யில் ஆசிரியப் பணி செய்து, விசுவநாதபிள்ளையோடு ஒரே ஆண்டிற் பட்டம் பெற்று, சைவத்துக்கு மீண்டவர் அவர். வீரசோழியமும் கலித்தொகையும் அவர் கையால் அச்சேற இன்னும் சில ஆண்டுகள் இருந்தன.